டேபிள் சாவில் மரத்துக்கு வழி விடு

பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களை முதல் வாரம் டேபிள் சா பக்கம் கையை நீட்ட விடுவதில்லை. பக்கத்தில் நின்று பார் என்பேன். இப்போது பட்டறைப் பையன்கள் மட்டுமில்லை. கம்ப்யூட்டர் வேலையில் இருந்துகொண்டு சனி, ஞாயிறில் மொட்டை மாடியில் மர வேலை பழகுகிறவர்களும் வந்து கேட்கிறார்கள். அதில் பெண்பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கீழே நிற்கிறவன், தள்ளுகிறவன் என்று வருகிற இடத்தில் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பிளேடையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பயப்பட வேண்டியதுதான். ஆனால் பல விபத்துகளில் முதலில் இடம் பெயர்வது மரம். அது எகிறும்போது அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடு மேல் போய் விழுகிறது. அதனால் என் பேச்சில் பாதிக்கு மேல் மரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

1. உதை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கையால் மெல்லச் சுற்று. உன் பக்கம் இருக்கிற பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்தும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி, உச்சி வழியாக உன்னை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களில் உரசிவிட்டால் போதும். அவை மரத்தைத் தூக்கி, பிளேடின் தலைமேல் ஏற்றி, உன் வயிற்றைப் பார்த்து வீசும். புத்தகத்தில் கிக்பேக் என்று போட்டிருப்பார்கள். பட்டறையில் உதை என்போம்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை நகரத் தொடங்க 0.2 விநாடியாவது ஆகும். அதற்குள் 40 பல் பிளேடில் 500 பற்களுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். "சட்டுனு கையை எடுத்துருவேன் அண்ணே" என்று சொல்கிறவனை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

உதை வாங்கிய பிளைவுட் துண்டு ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அடிப்பக்கத்தைத் திருப்பினால் கதை தெரியும். ஓரத்தில் நேராகப் போன அறுப்பு ஓரிடத்தில் தடுமாறி, பிறகு வில்லாக வளைந்து பலகையின் குறுக்கே ஓடியிருக்கிறது. பலகை பிளேடு மேல் ஏறிச் சுழன்ற தடம் அது. அந்த வளைவுக்கு மேலேதான் அறுத்தவனின் இடது கை இருந்தது. அன்றைக்குக் கை தப்பியது, விலா எலும்பில் அடி.

2. பிளேடுக்குப் பின்னால் நிற்கிற கத்தியைக் கழற்றாதே.

ஆப்பசைத்த குரங்கின் கதை எல்லாருக்கும் தெரியும். பாதி பிளந்த மரத்தில் தச்சன் அடித்து வைத்திருந்த ஆப்பை அது பிடுங்கியது. பிளவு மூடிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அது அதிகப்பிரசங்கித்தனத்தின் பலன். எனக்கு அது மர வேலைப் பாடம். அறுபட்ட மரம் திறந்தே இருக்கும் என்று நம்பாதே. உள்ளே இருக்கிற இறுக்கம் விடுபட்டதும் இரண்டு பாதியும் ஒன்றை நோக்கி ஒன்று மூடும். ஆள் வாள் போட்டு மரம் அறுத்த காலத்தில் அறுப்பு நீள நீளப் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே போனது இதற்காகத்தான். இல்லாவிட்டால் வாள் இறுகி நின்றுவிடும்.

கை வாள் இறுகினால் நின்றுவிடும், அவ்வளவுதான். மோட்டார் நிற்காது. மூடுகிற மரம் பின்பற்களைக் கவ்வ, அவை அதைத் தூக்கி வீசும். டேபிள் சாவில் ஆப்பின் வேலையைச் செய்வது பிளேடுக்குப் பின்னால் நிற்கிற வளைந்த தகடு. ரிவிங் நைஃப் என்பார்கள். பிளேடை ஏற்றினால் கூடவே ஏறும், இறக்கினால் இறங்கும், சாய்த்தால் சாயும். அதன் கனம் பிளேடு தகட்டைவிடக் கூடுதலாகவும், பல் அறுக்கிற அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பல் 3.2 மில்லிமீட்டர் அறுக்க, தகடு 2.2 இருந்தால், கத்தி 2.5 போல இருப்பது சரி. பிளேடை மாற்றும்போது இதையும் சரிபார். பல் அகலம் குறைந்த பிளேடைப் போட்டுவிட்டுப் பழைய கத்தியை விட்டால் மரம் கத்தியில் முட்டி நிற்கும். உடனே "இந்தக் கத்தி தொல்லை" என்று கழற்றி ஓரமாக வைப்பார்கள். கத்தி காணாமல் போகிற கதை பாதி இப்படித்தான் தொடங்குகிறது.

பிளேடுக்கும் கத்திக்கும் நடுவில் 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தள்ளி நின்றால், மூடுகிற மரம் கத்தியைத் தொடும் முன்பே பல்லைத் தொட்டுவிடும்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்குப் பின்னால் இந்தக் கத்தி நிற்க வேண்டும், தள்ளுகட்டை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மூன்று பேர் வேலை செய்கிற பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அதனால் நீயேதான் இன்ஸ்பெக்டர்.

3. மரம் ஒட்டிப் போகிற ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்து பார்.

கண் மதிப்பு இங்கே உதவாது. பிளக்கைப் பிடுங்கு. ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வை. அந்தப் பல் முன்னால் இருக்கும்போது அதற்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரத்தை அள. பிறகு பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அள. வேறு பல்லை எடுத்தால் பிளேடின் கோணல் அளவில் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு தாள் கனம் விரிந்திருந்தால் தப்பில்லை. பின்பக்கம் குறுகியிருந்தால் மட்டும் அறுக்கவே அறுக்காதே. முன்னால் வழி கொடுத்துப் பின்னால் கதவைச் சாத்துவது போல ஆகிவிடும். மரத்துக்குப் போக இடமில்லை, திரும்பித்தான் வரும்.

4. ஃபென்ஸை ஒட்டுகிற பக்கம் நேராக இருக்க வேண்டும், மேசையில் உட்காருகிற பக்கம் ஆடக்கூடாது.

பட்டை விளிம்போடு வந்த பலகையை அப்படியே ஃபென்ஸில் சாய்த்துத் தள்ளாதே. இழைத்து ஒரு பக்கம் நேராக்கு. கிண்ணம் போல வளைந்த பலகை என்றால் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். இரண்டு ஓரமும் மேசையில் ஊன்றும். குழிந்த பக்கம் மேலே இருந்தால் பலகை தொட்டிலாக ஆடும், அறுபட்டு முடிகிற நேரத்தில் பிளேடு மேல் சாயும். ஃபென்ஸும் இல்லாமல், குறுக்கு அறுப்புக்கு மரத்தைத் தாங்கித் தள்ளுகிற மைட்டர் கேஜும் இல்லாமல் வெறும் கையால் கோட்டைப் பார்த்து அறுப்பது டேபிள் சாவில் கிடையவே கிடையாது. அதற்குப் பட்டை ரம்பம் இருக்கிறது, ஜிக் சா இருக்கிறது.

நீளத்தைவிட அகலம் கூடின துண்டை ஃபென்ஸில் வைத்து அறுக்காதே. ஒட்டி நிற்க அதற்கு நீளம் போதாது, கொஞ்சம் திரும்பினாலும் மூலை பின்பல்லில் மாட்டும். சுவரில் தொங்குகிற துண்டு அப்படி மாட்டியதுதான்.

5. ஃபென்ஸும் மைட்டர் கேஜும் ஒரே அறுப்பில் சேர்ந்து வேண்டாம்.

குறுக்கே ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டும் என்றால், ஃபென்ஸை அளவுக்கு வைத்து மைட்டரால் தள்ளிவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். அறுந்து விழுகிற துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் சிறைப்பட்டுவிடும். அதைத் தள்ளுவார் யாருமில்லை. இம்மி திரும்பினால் இரண்டு பக்கமும் முட்டி, துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும். அளவு வேண்டுமானால் ஃபென்ஸின் முன்பகுதியில், பிளேடு தொடங்குவதற்கு நன்றாக முன்னாலேயே, ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்து. மரத்தை அதில் முட்டி அளவெடுத்துக்கொள். தள்ளும்போது துண்டு கட்டையைத் தாண்டிப் போய்விடும், பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கும்.

6. தொடங்கினால் கடைசி வரை தள்ளி முடி.

ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கிற துண்டைத்தான் சொல்கிறேன். அது பின்கத்தியையும் தாண்டும்வரை உன் அழுத்தம் அதன்மேல் இருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் இழுக்கலாம் என்று நினைக்காதே. பாதியில் பின்னுக்கு இழுப்பது அதைவிட மோசம். மரம் இறுகுவது கைக்குத் தெரிந்தால் அதை அப்படியே மேசையோடும் ஃபென்ஸோடும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்காலால் சுவிட்சைத் தட்டு. முழங்காலுக்கு எட்டுகிற இடத்தில் அகலமான சுவிட்ச் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். பிளேடு முழுதாக நின்ற பிறகு அறுத்த வாயில் ஆப்பு வைத்துத் திற.

பிளேடுக்கு நாலு விரற்கடைக்குள் கை போகவேண்டிய வேலை எதுவானாலும் தள்ளுகட்டை. நுனியில் மட்டும் தொடுகிற குச்சியைவிட, மரத்தின் தலைமேல் நீளமாக உட்கார்ந்து பின்னால் ஒரு குதிகாலால் தள்ளுகிற கட்டை நல்லது. குச்சி பின்முனையைத் தள்ளும்போது முன்முனை தூக்கிக்கொள்ளும். குதிகால் கட்டை முன்னையும் பின்னையும் சேர்த்து அழுத்தும். மிச்சம் விழுகிற 18 மில்லி பிளைவுட்டில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். பல் பட்டுத் தேய்ந்தால் அடுத்தது. ஆணி போட்டு மட்டும் செய்யாதே, பசை போதும்.

மெல்லிய ரீப்பர் சீவ வேண்டுமானால், ரீப்பர் ஃபென்ஸ் பக்கம் வராமல் வெளிப்பக்கம் விழுகிற மாதிரி வை. ஒவ்வொரு முறையும் ஃபென்ஸை நகர்த்த வேண்டிவரும். நகர்த்து.

7. பிளேடின் நேர்கோட்டில் நிற்காதே. ஃபென்ஸ் வலப்பக்கம் என்றால் நீ சற்று இடப்பக்கம். யாரையும் அந்தக் கோட்டில் நின்று பேச விடாதே, டீ கொண்டுவருகிற பையனையும்.

8. மரத்தை விசாரித்துவிட்டு அறு.

பிளைவுட்டும் நன்றாக உலர்ந்த தேக்கும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வேம்பு, பூவரசு, வாகை மாதிரி ஊர் மரங்களை அறுத்த சூட்டோடு பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். ஈரமும் இறுக்கமும் உள்ள மரம் அறுக்க அறுக்க மூடும், அல்லது வில்லாக வளைந்து ஃபென்ஸைத் தள்ளும். கிளைக் கட்டையில் இது இன்னும் அதிகம். அவற்றை நன்றாக உலரும்வரை அடுக்கிக் காயவிடு. அவசரம் என்றால் பட்டை ரம்பத்தில் போடு, அதற்கு உதைக்கத் தெரியாது.

பழைய மரம் தனி ரகம். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு வரும்போது பலகை பளபளப்பாக இருக்கும், உள்ளே தலை ஒடிந்த ஆணி இருக்கும். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் ஊர்ந்து போக விடு. ஆணி இருக்கிற இடத்தில் நூல் சாயும். கார்பைடு பல் ஆணியில் பட்டுத் தெறித்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி போடு என்று தனியாக ஒரு எண் கொடுக்கவில்லை, இங்கேயே சொல்லிவிட்டேன்.

9. கவிழ்த்துப் போட்ட மெஷினைப் பற்றி.

நம் ஊரில் டேபிள் சா என்று பாதிப் பேர் வைத்திருப்பது, கையில் பிடித்து அறுக்கிற கட்டிங் மெஷினைப் பிளைவுட்டுக்கு அடியில் கவிழ்த்துத் திருகியதுதான். சைட் வேலைக்கு நிஜமான டேபிள் சாவைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது, காசும் கிடையாது, தெரியும். செய்யாதே என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. ஆனால் அதில் என்ன இல்லை என்று தெரிந்துகொள். பின்கத்தி இல்லை. மூடி இல்லை. இணையான ஃபென்ஸ் இல்லை. சுவிட்சின் விசையைக் கம்பியாலோ டேப்பாலோ கட்டிவைத்திருப்பதால் அவசரத்துக்கு நிறுத்த வழி இல்லை.

நாலு அங்குல மார்பிள் கட்டரைக் கவிழ்த்தால் இன்னும் மோசம். கல் அறுக்கப் பிறந்த மெஷின் அது, நிமிடத்துக்கு 12,000 சுற்றுப் பக்கம் ஓடும். அந்த வேகத்தில் பல் நுனி மணிக்கு 230 கிலோமீட்டர் பக்கம் ஓடும். நீ மாட்டுகிற மர பிளேடில் அச்சடித்திருக்கிற உச்சச் சுற்று அதைவிடக் குறைவாக இருந்தால் மாட்டாதே. கிரைண்டரில் மர பிளேடு மாட்டுகிறவனோடு எனக்குப் பேச்சே கிடையாது.

குறைந்தது நாலு காரியம் செய். பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில், அறுப்பு அகலத்தைவிட இம்மி குறைவான கனத்தில் ஒரு தகட்டை மேசையில் உறுதியாக நிறுத்து. ஃபென்ஸாக நேரான அலுமினியச் சதுரக் குழாயை வைத்து, முன்னும் பின்னும் அளந்து, இரண்டு முனையிலும் சி-கிளாம்ப் போடு. சுவிட்சை மேசையின் முன்பக்கம் கொண்டுவா. மேசையின் கால்களை ஆடாமல் ஊன்று.

10. கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது.

பிளக் இல்லாமல் இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி ஓட்டுகிற சைட்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அணைக்க சுவிட்சே கிடையாது. கரண்ட் போகும், அறுத்துக்கொண்டிருந்தவன் பிளேடில் மாட்டிய சிம்பைக் கையால் எடுப்பான், கரண்ட் வரும். கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடாத சுவிட்ச் கடையில் கிடைக்கிறது, நோ வோல்ட் சுவிட்ச் என்று கேள். நல்ல டேபிள் சாவில் அது கூடவே வரும்.

11. மழுங்கின பிளேடு உதைக்கும்.

அறுக்காத பிளேடை நீ அழுத்தித் தள்ளுகிறாய், தள்ளுகிற கைக்கு முன்னால் பிளேடு இருக்கிறது. மரம் கருகுகிற வாசனை வந்தாலும், வழக்கத்தைவிடக் கை பலம் கேட்டாலும் நிறுத்து. பல்லில் பிசின் ஏறியிருக்கிறதா, ஃபென்ஸ் நகர்ந்துவிட்டதா, பல் மழுங்கிவிட்டதா என்று பார். 10 அங்குலத்தில் நெடுக்கு அறுப்புக்கு 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கு அறுப்புக்கும் 60 அல்லது 80. எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40. பிளேடின் உயரம் மரத்துக்கு மேலே ஒரு பல் அளவு தெரிந்தால் போதும்.

12. துண்டு, லுங்கி, கையில் கட்டிய கோயில் கயிறு, மோதிரம், தொங்குகிற இயர்போன் ஒயர் எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது. கையுறையும் கூடாது. அது பிளேடைத் தடுக்காது, பல்லில் மாட்டினால் கையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

13. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டுக்கு ஆள் தேவை. அந்தப் பக்கம் நிற்கிறவன் தாங்க மட்டும் வேண்டும். இழுக்கக்கூடாது, திருப்பக்கூடாது, சீக்கிரம் முடியட்டும் என்று தூக்கக்கூடாது. வேகமும் திசையும் தள்ளுகிறவன் கையில். இதை மெஷினைப் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், ஓடும்போது ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது.

14. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய ராத்திரி டேபிள் சாவைத் தொடாதே.

வீட்டுக்காரர் பின்னால் நிற்பார், பெயின்டர் முறைப்பார், ஒரே ஒரு ரீப்பர் குறையும். கத்தியைக் கழற்றி வைத்திருப்பது, வெறும் கையால் தள்ளுவது, ஃபென்ஸின் ஒரு முனையை மட்டும் இறுக்குவது எல்லாம் அந்த ஒரு ரீப்பருக்காகத்தான் நடக்கும். அந்த ரீப்பரைக் கைவாளால் அறு. கால் மணி நேரம் ஆகும்.

15. விரலைத் தொட்டால் நிற்கிற மெஷின் வந்துவிட்டதே என்று கேட்கிறார்கள்.

உண்மைதான். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்கிற காப்புரிமை வழக்கறிஞர் கண்டுபிடித்தது, சாஸ்டாப் என்று பெயர். உடம்பு மின்சாரம் கடத்தும். சதை பட்டதும் பிளேடில் ஓடும் மெல்லிய மின்குறி மாறும். 5 மில்லி விநாடிக்குள் அலுமினியக் கட்டை ஒன்று பல்லில் பாய்ந்து பிளேடை நிறுத்தும். அந்தக் கட்டையும் பெரும்பாலும் பிளேடும் அத்தோடு போச்சு, விரலில் கீறல் மட்டும். கையில் காசு இருந்தால் வாங்கு, நான் கேலி செய்ய மாட்டேன். அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடு பட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது அரசுக் கணக்கு. ஆனால் அந்த மெஷின் சதையைத்தான் அறியும். வயிற்றை நோக்கிப் பறக்கிற பலகையை அதற்குத் தெரியாது. அதிலும் பின்கத்தி வைத்துத்தான் விற்கிறார்கள்.

16. இத்தனைக்குப் பிறகும் விரல் போய்விட்டால்.

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்து. காப்பிப் பொடி, மஞ்சள், மரத்தூள் எதையும் அப்பாதே. விழுந்த விரலைத் தேடி எடு, மரத்தூளுக்குள் இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டாம். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டு. அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வை. விரல் ஐஸை நேராகத் தொட்டால் திசு உறைந்து ஒட்டவைக்க முடியாமல் போகும். எல்லா மருத்துவமனையிலும் இதற்கான சிகிச்சை இல்லை. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவும், கோவையில் கங்கா மருத்துவமனையும் இதற்குப் பேர் போனவை. உன் ஊருக்குப் பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சுவரில் எழுது. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகிவிட்டது, ஒட்டவைக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடு. பையைக் கையோடு எடுத்துப் போக ஒரு ஆளை நியமி.